நட்டு கழற்றும் கன் வீட்டுக்கு வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேரன்மகாதேவியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பம்பு மோட்டார், மிக்சி, கிரைண்டர், டிரில் எல்லாம் ரிப்பேருக்கு வரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருக்கெடுத்து ஊருக்குள் ஏறியதே, அதற்குப் பிறகு மூழ்கி எழுந்த கார்களிலும் டிராக்டர்களிலும் நட்டுகள் துருவேறி இறுகிப்போயின. அப்போதிருந்துதான் 'நட்டு கழட்டுற கன்', அதாவது இம்பாக்ட் ரெஞ்ச், பற்றிய விசாரிப்பு என் கடையில் கூடியது. இந்த மிஷின்களை நான் விற்பதில்லை. பழுதாகி வந்தால் பிரித்துப் பார்க்கிறவன். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிக் கீழே பதில் தந்திருக்கிறேன். வருடத்துக்குப் பத்துப் பதினைந்து தடவை கையில் எடுக்கும் வீட்டுக்காரர்களுக்காக எழுதியது இது. தினமும் ஓட்டும் ஒர்க்‌ஷாப்புக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

அண்ணாச்சி, இம்பாக்ட் ரெஞ்ச்னா என்னது? டிரில் மிஷின் மாதிரித்தானே சுத்துது?

சுற்றுவதை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே இருப்பது வேறு. டிரில்லில் மோட்டார், கியர், சக் மூன்றும் இணைந்தே சுற்றும். முனை எங்காவது பிடித்துக்கொண்டால் மிஷின் உங்கள் மணிக்கட்டைத் திருகிவிடும். இம்பாக்ட் ரெஞ்சில் மோட்டாருக்கும் முனைக்கும் நடுவே ஒரு சுத்தியல் இருக்கிறது. நட்டு லேசாக வரும்வரை எல்லாம் சேர்ந்து சுற்றும். இறுக்கம் வந்ததும் சுத்தியல் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு பின்வாங்கி, வழுக்கி, வேகமெடுத்து வந்து முனையின் காதில் பக்கவாட்டில் அடிக்கும். நிமிடத்துக்கு 3,000 அடி சாதாரணம். நொடிக்கு 50. அந்த 'டர்ர்ர்' சத்தம் இதுதான்.

இறுகிய நட்டில் ஸ்பேனரை மாட்டி, அதன் காம்பில் சுத்தியலால் தட்டுவோம் அல்லவா? அதே வேலையை இது நொடிக்கு ஐம்பது தடவை செய்கிறது. அடி முழுவதும் நட்டுக்குப் போய்விடுவதால் உங்கள் கைக்கு வரும் திருகல் குறைவு.

இத வச்சி சுவத்துல ஓட்ட போடலாமா?

முடியாது. சுவரில் துளை போடும் ஹேமர் டிரில் முன்னும் பின்னுமாக இடிக்கும். இது சுற்றுகிற திசையில் அடிக்கும். பெயரில் 'இம்பாக்ட்' இருப்பதால் வருகிற குழப்பம் இது. ஃபேன் கொக்கி மாட்ட, ஷெல்ஃப் அடிக்க ஆசைப்பட்டு இதை வாங்காதீர்கள்.

இம்பாக்ட் டிரைவர்னு ஒண்ணு சொல்லுதாங்க. அதுவும் இதுவும் ஒண்ணா?

சித்தப்பா பிள்ளை, பெரியப்பா பிள்ளை மாதிரி. உள்ளே இருக்கும் சுத்தியல் ஒரே குடும்பம். டிரைவரின் முனையில் கால் இன்ச் அறுகோணக் குழி இருக்கும், ஸ்குரூ பிட்டு மாட்டுவதற்கு. ரெஞ்சின் முனையில் அரை இன்ச் சதுரக் கட்டை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சாக்கெட் (நட்டின் மேல் கவிழும் குழல்) மாட்டுவதற்கு. தகரக் கூரைக்கு ஸ்குரூ ஏற்றுவது, மரவேலை, கதவுக் கீல் என்றால் டிரைவர் போதும். கார், டிராக்டர், பம்புசெட் ஃபிளாஞ்ச் போல்ட்டு என்றால் ரெஞ்ச். டிரைவரில் அடாப்டர் மாட்டிக் கார் வீல் நட்டு கழற்றுகிறார்கள். சில சமயம் கழன்றும் விடும். ஆனால் அடாப்டரின் கழுத்து முறிந்து என்னிடம் கொண்டு வந்தவர்களும் உண்டு.

வருசத்துக்கு ரெண்டு தடவ ஸ்டெப்னி மாத்துனா பெருசு. எனக்கு இது வேணுமா?

உங்களுக்கு நல்ல உடல்பலம் இருந்து, ஸ்டெப்னி மட்டும்தான் காரியம் என்றால், வேண்டாம். கணக்கைப் பாருங்கள். காரோடு வரும் ஸ்பேனர் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். அதன் நுனியில் 40 கிலோ அழுத்தினால் நட்டுக்குக் கிடைக்கும் திருகுவிசை, அதாவது டார்க், ஏறத்தாழ 98 நியூட்டன் மீட்டர். அதே அழுத்தத்தை 50 சென்டிமீட்டர் கம்பியில் கொடுத்தால் 196. கையின் பலம் கூடவில்லை, கம்பிதான் நீண்டிருக்கிறது. சாக்கெட் மாட்டும் நீளக் கம்பியைப் பிரேக்கர் பார் என்பார்கள். அதையும் உங்கள் காரின் அளவுக்கு ஒரு சாக்கெட்டையும் வாங்கி டிக்கியில் போட்டால், பேட்டரி சார்ஜ் இருக்கிறதா என்ற கவலையே கிடையாது. ஆயிரம், ஆயிரத்து இருநூறுக்குள் முடிந்துவிடும்.

மிஷின் யாருக்குப் பயன்படும்? வீட்டிலேயே டயர் மாற்றி மாற்றிப் போடுபவர்கள், பிரேக் ஷூவைத் தாங்களே பார்ப்பவர்கள், டிராக்டருக்கு ரோட்டவேட்டர் (சுழல் கலப்பை) வைத்திருப்பவர்கள், உவரி, இடிந்தகரை மாதிரிக் கடலோரத்தில் உப்புக்காற்றில் வண்டி நிறுத்துபவர்கள். கைபலம் குறைந்தவர்களைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

எத்தன நியூட்டன் மீட்டர் இருந்தா போதும்? ஒருத்தன் 300ங்கான், இன்னொருத்தன் 900ங்கான்.

முதலில் தேவையைப் பாருங்கள். நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களின் வீல் நட்டை 85 முதல் 130 நியூட்டன் மீட்டருக்குள்தான் முறுக்கச் சொல்கிறார்கள். உங்கள் காரின் கையேட்டில் சரியான எண் இருக்கும். பழைய கையேடு என்றால் கிலோ கணக்கில் போட்டிருக்கும். அதைப் பத்தால் பெருக்கினால் கிட்டத்தட்ட சரி. ஆனால் கழற்ற வேண்டிய நட்டு, கையேட்டில் இருக்கிற எண்ணிலேயே நிற்காது. பஞ்சர் கடையில் ஏர் கன்னால் அடித்து முறுக்கியிருப்பார்கள், மேலே இரண்டு மழைக்காலத் துரு வேறு. அதனால் கையேட்டு எண்ணைப் போல இரண்டு மடங்கு, அதாவது உண்மையான 200 முதல் 300 வரை இருந்தால் வீட்டுக்குத் தாராளம்.

'உண்மையான' என்று ஏன் சொல்கிறேன் என்றால், டப்பாவில் இரண்டு விதமான எண் அச்சிடுவார்கள். முறுக்கும் டார்க் ஒன்று, கழற்றும் டார்க் ஒன்று. கழற்றுகிற எண் பெரும்பாலும் பெரிதாக இருக்கும். பெரிய எழுத்தில் போடுவதும் அதைத்தான். மகிட்டாவின் டிடிடபிள்யூ 190 என்ற 18 வோல்ட் மிஷினைப் பாருங்கள். அதற்கு அந்தக் கம்பெனி சொல்லும் முறுக்கு டார்க் 190. பெயருக்கேற்ற 190. பேரில்லாத ஒரு மிஷின், அதே உருவம், அதே பேட்டரி அளவு, பாதி விலையில் 900 என்று சொன்னால் அந்த எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். 190 போட்ட மிஷின் நட்டைக் கழற்றி, 900 போட்டது கழற்ற முடியாமல் நின்றதை என் கடை வாசலில் ஒரே காரில் பார்த்திருக்கிறேன்.

ஒரு டப்பால 21 வோல்ட்டு, இன்னொண்ணுல 48, வேற ஒண்ணுல 128ன்னு இருக்கு. எது கூட?

பெரும்பாலும் மூன்றும் ஒன்றே. லித்தியம் செல் ஒன்றின் சராசரி வோல்ட் 3.6. ஐந்து செல்லை வரிசையாகக் கோத்தால் 18. முழுச் சார்ஜில் ஒரு செல் 4.2 வரை ஏறும், ஐந்துக்கு 21. ஆக 18, 20, 21 என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே ஐந்து செல் பேட்டரிக்கு மூன்று பெயர். இதில் ஏமாற்று கிடையாது, சொல்லும் விதம் வேறு, அவ்வளவுதான்.

48, 88, 128 என்பதுதான் விஷயம். உண்மையில் 128 வோல்ட் வேண்டுமானால் சுமார் 35 செல்லை வரிசையாகக் கோக்க வேண்டும். கைப்பிடிக்கு அடியில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் 35 செல் எங்கே இருக்கும்? அந்த எண்ணோடு ஒட்டி 'விஎஃப்', 'டிவி' என்று ஏதாவது இரண்டு எழுத்துப் போட்டிருந்தால் அது வோல்ட்டே இல்லை. சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். வெளியே வரும் மின்சாரம் 21 வோல்ட் என்று சின்ன எழுத்தில் இருக்கும்.

ரெண்டு பேட்டரி தாராங்களே, லாபம்தானே? ஆனா சீக்கிரம் போயிருதுன்னும் சொல்லுதாங்க.

விலை குறைந்த மிஷினில் நீங்கள் உண்மையில் வாங்குவது பேட்டரியைத்தான். மோட்டாரும் சுத்தியலும் வீட்டு உபயோகத்துக்குப் பல வருடம் தாங்கும். நானே ஒரு செட் வாங்கி ஏமாந்திருக்கிறேன். இரண்டு பேட்டரி, ஒவ்வொன்றும் 6 ஆம்பியர் அவர் (பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் தேங்கும் என்ற அளவு) என்று ஸ்டிக்கர். எட்டு மாதத்தில் ஒன்று செத்தது. நான்கு ஸ்குரூவைக் கழற்றிப் பிரித்தேன். பத்து செல் அடங்கும் கூடு. உள்ளே பச்சை உறை போட்ட ஐந்து செல் ஒரு பக்கம். மறுபக்கம் ஐந்து குழியும் காலி, செல் ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் கட்டையைச் செருகியிருந்தார்கள்.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் பேட்டரியைத் தராசில் வைக்கச் சொல்கிறேன். சாதாரண செல் ஒன்று சுமார் 45 கிராம். ஐந்து செல் 225, பத்து செல் 450. கூடும் சர்க்யூட்டும் சேர்த்தால் பத்து செல் பேட்டரி 600 கிராமை ஒட்டி வர வேண்டும். 4 ஆம்பியர் அவர் என்று எழுதிவிட்டு 350 கிராம்தான் இருந்தால், உள்ளே ஐந்துதான். பெருத்த செல் ஐந்தை வைத்து நல்ல கம்பெனிகள் 4 ஆம்பியர் அவர் கொடுப்பதுண்டு. அதுவும் அரைக் கிலோவுக்குப் பக்கத்தில் வரும். பேட்டரி மேல் ஐஎஸ் 16046 என்ற இந்தியத் தர எண்ணும், 'ஆர்' என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இளைத்த பேட்டரியால் என்ன நஷ்டம்? சார்ஜ் சீக்கிரம் தீர்வது ஒரு பக்கம். அடிக்கும்போது மோட்டார் சட்டென்று நிறையக் கரண்ட் இழுக்கும். ஐந்து மட்டமான செல்லால் அதைக் கொடுக்க முடியாமல் வோல்ட் விழும், அடியும் தளரும். மேலே சொன்ன 900 தோற்றது அதனால்தான். இரண்டு மெலிந்த பேட்டரிக்கு ஒரு கனத்த பேட்டரி மேல்.

கரண்டு வயர் உள்ளத வாங்கட்டா, பேட்டரி உள்ளத வாங்கட்டா?

வண்டி எப்போதும் வீட்டு வாசலில் அல்லது ஷெட்டில்தான் நிற்கும், ரோட்டில் உங்களுக்கு வேலையில்லை என்றால் வயர் மிஷினைத் தயங்காமல் எடுங்கள். ஆறு மாதம் பரணில் கிடந்தாலும் எடுத்த அன்றைக்கு முழுப் பலத்தோடு அடிக்கும். கெட்டுப்போக பேட்டரி கிடையாது. கார்பன் பிரஷ் தேய்ந்தால் நூறு இருநூறு ரூபாயில் நீங்களே மாற்றலாம். ஆர்மேச்சர் எரிந்தாலும் என்னைப் போன்றவர்கள் கட்டித் தருவோம். எப்போதாவது எடுப்பவர்களுக்கு இதுதான் சிக்கனம் என்பது என் எண்ணம். ஆனால் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு வயர் என்றாலே முகம் சுருங்குகிறது.

குறை மூன்று. எடை மூன்று கிலோவுக்குப் பக்கம் வரும். வழியில் டயர் போனால் உதவாது. எக்ஸ்டென்ஷன் வயர் மெலிந்ததாக இருந்தால் பலம் குறையும். 1.5 சதுர எம்எம் செம்பு வயருக்குக் குறைந்து போடாதீர்கள். தோட்டத்து மோட்டார் ரூமிலிருந்து இழுப்பவர்கள் வோல்ட்டேஜையும் பார்த்துக்கொள்ளுங்கள். வோல்ட்டேஜ் இறங்கினால் மிஷின் சுற்றும், அடி மட்டும் விழாது.

கார் லைட்டர்ல சொருகுற 12 வோல்ட்டு மிஷின் ரெண்டாயிரத்துக்குக் கெடைக்கே, அது தேவலையா?

லைட்டர் பாயின்ட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர்தான் இருக்கும். 15 என்று வைத்தாலும் 180 வாட். மிக்சியில் பாதிகூட இல்லை. அந்தச் சின்னப் பலத்தைச் சேர்த்துவைத்து ஒரு கனத்த சக்கரத்தைச் சுழற்றி, இரண்டு மூன்று நொடிக்கு ஒரு அடி என்று மெதுவாக அடிக்கும் வகை இது. பொறுமை இருந்தால் கழற்றும். லைட்டரில் சொருகாமல் கார் பேட்டரியிலேயே கிளிப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டுச் செய்ய வேண்டும். இந்தப் பணத்துக்குள் ஸ்டெப்னிக் கேள்வியில் சொன்ன பிரேக்கர் பாரும் சாக்கெட்டும் வந்துவிடும். நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

பிரஷ்லெஸ்ஸுன்னு ஆயிரம் ரெண்டாயிரம் கூடச் சொல்லுதான். அது தேவையா?

பேட்டரி மிஷினில் கிடைத்தால் நல்லது. இந்த மோட்டாரில் கார்பன் பிரஷ்ஷே கிடையாது. அந்த உராய்வு இல்லாததால் அதே பேட்டரியில் கூடுதல் நேரம் ஓடும், சூடு குறைவு. ஆனால் உங்கள் உபயோகத்துக்குக் கார்பன் பிரஷ் தேய்வதற்கே பல வருடம் ஆகும். நம்பகமான கம்பெனியின் பிரஷ் மோட்டாரா, பெயர் தெரியாத பிரஷ்லெஸ்ஸா என்றால் முதலாவதை எடுங்கள். பிரஷ்லெஸ்ஸில் கன்ட்ரோல் போர்டு போனால் முழு மிஷினும் போனது மாதிரி. அந்தப் போர்டு தனியாகக் கிடைக்காது.

வீட்டுல பாக்ஸ் செட்டு ஒண்ணு சும்மா கெடக்கு. அதையே மாட்டிக்கிடலாம்லா?

பளபளவென்று குரோம் பூசிய சாக்கெட்டை இதில் மாட்டாதீர்கள். அது கையால் திருகுவதற்குச் செய்தது. கடினமான, சுவர் மெலிந்த உலோகம். நொடிக்கு 50 அடி விழுந்தால் திடீரென்று வெடித்துச் சில்லாகத் தெறிக்கும். கண்ணுக்குப் போனால் என்ன ஆவது? இம்பாக்ட் சாக்கெட் கறுப்பாக, சுவர் தடித்து, குரோம் மாலிப்டினம் எஃகில் வரும். அடிக்குச் சற்று நெகிழ்ந்து கொடுக்கும்.

செட்டாக வாங்க வேண்டியதில்லை, உங்கள் வண்டியின் அளவு மட்டும் போதும். மாருதியில் பெரும்பாலும் 19, ஹூண்டாயில் 21, சில வண்டிகளில் 17. வாங்குமுன் உங்கள் ஸ்பேனரில் அச்சடித்திருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அலாய் வீல் என்றால் குழி ஒடுக்கமாக இருக்கும். வெளியே பிளாஸ்டிக் உறை போட்ட, சுவர் மெலிந்த, நீளமான இம்பாக்ட் சாக்கெட் தனியாக விற்கிறது. அது இல்லாமல் போனால் வீல் கீறிவிடும்.

கழட்டுன மாதிரியே அதுலயே முறுக்கிட்டாப் போச்சு. எதுக்குக் கையால வேற?

இந்த ஒரு பதிலை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள். விலை குறைந்த இம்பாக்ட் ரெஞ்சைக் கழற்றுவதற்கென்றே வாங்குங்கள். முறுக்கும்போது அது எந்த எண்ணில் நிற்கிறது என்று அதற்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இரண்டு நொடி கூட அடித்தால் 110-இல் நிற்க வேண்டிய நட்டு 200-ஐத் தாண்டிவிடும். ஸ்டட்டு, அதாவது நட்டு ஏறும் தண்டு, இழுபட்டு மெலியும், அதன் திருகு மறை உரியும், பிரேக் டிஸ்க் கோணும். அடுத்த தடவை நடுவழியில் உங்களாலேயே கழற்ற முடியாது. 'மூணு ஸ்பீடு இருக்கே' என்பார்கள். அது வேகத்துக்கான சுவிட்ச், டார்க்கின் அளவுகோல் ஆகாது.

பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலையில் வேலை பார்க்கும் தம்பிகள் என் கடைக்கு வருவதுண்டு. கோபுரத்து போல்ட்டை ஹைட்ராலிக் ரெஞ்சில் எண் வைத்து முறுக்கிவிட்டு, நட்டிலும் தட்டிலும் சேர்ந்தாற்போல் மார்க்கரால் ஒரு கோடு இழுப்பார்களாம். பிறகு வந்து பார்க்கையில் கோடு விலகியிருந்தால் நட்டு அசைந்திருக்கிறது என்று அர்த்தம். நான் என் காருக்கும் அப்படியே கோடு போட்டு வைத்திருக்கிறேன். காலையில் வண்டி எடுக்கும்போது ஒரு பார்வை போதும்.

முறை இதுதான். நட்டை முதலில் விரலால் நாலைந்து சுற்று ஏற்றுங்கள். மறை சரியாகப் பிடிக்கிறதா என்பது விரலுக்குத்தான் தெரியும். மிஷினால் சும்மா ஓட்டி, தட்டு தொட்டதும் முதல் அடி விழுமுன் விட்டுவிடுங்கள். ஜாக்கியை இறக்கி, டார்க் ரெஞ்சால் (வேண்டிய எண்ணை வைத்து முறுக்கும் ஸ்பேனர்) முடியுங்கள். நாலு நட்டு என்றால் எதிரெதிராக, ஐந்து என்றால் நட்சத்திரம் வரைவது போல. டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் காரோடு வந்த சின்ன ஸ்பேனரில் கையால் நன்றாக அழுத்துங்கள். ஸ்டெப்னிக் கேள்வியில் போட்ட கணக்குப்படி 40 கிலோ அழுத்தம் சரியாக வரும். அதன் மேல் ஏறி மிதிக்கக் கூடாது. ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை சரிபாருங்கள்.

மறையில கொஞ்சம் எண்ணெ விட்டு முறுக்குனா அடுத்த தடவ லேசாக் கழலும்லா?

வீல் நட்டுக்கு வேண்டாம். கையேட்டு எண் காய்ந்த மறைக்குச் சொன்னது. எண்ணெய் விட்டால் உராய்வு குறைந்து, அதே எண்ணில் ஸ்டட்டு அதிகமாக இழுபடும். இரும்புப் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, துணியால் துடைத்தால் போதும்.

பத்து நொடி அடிச்சும் நட்டு அசையல. மிஷின் மோசமா?

முதலில் சுவிட்சைப் பாருங்கள், முறுக்கும் திசையில் இருக்கும். அடிக்கடி நடப்பது இது. அடுத்து பேட்டரி. முழுச் சார்ஜில் மட்டும் முயலுங்கள். நடுவே எக்ஸ்டென்ஷன் கம்பி, அளவு மாற்றும் அடாப்டர் எதுவும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு இணைப்பும் அடியைக் கொஞ்சம் தின்றுவிடும். சாக்கெட் நட்டின் அடிவரை உட்கார வேண்டும். இவ்வளவும் சரியென்றால் டபிள்யூடி 40 மாதிரி ஊடுருவும் எண்ணெயை மறை தெரியும் இடத்தில் அடித்து, ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். பிரேக் டிஸ்க் மேல் படக் கூடாது, பிறகு துடைத்தும் விட வேண்டும். முதலில் ஒரு நொடி முறுக்கும் பக்கம் அடித்து, பின் கழற்றும் பக்கம் மாற்றுங்கள். துருவின் பிடி அதில் உடையும். மூன்று நொடி அடி, ஐந்து நொடி ஓய்வு. ட்ரிக்கரை விடாமல் பிடித்தால் மிஷின்தான் வேகும்.

பழைய லாரி, டிரெய்லர் சிலவற்றில் இடப்பக்க வீலுக்கு எதிர் மறை வரும். கார்களில் அநேகமாக எல்லாமே நேர் மறை. நான்கில் ஒரு நட்டு மட்டும் தலை வேறு மாதிரி இருந்தால் அது லாக் நட்டு. அதற்கான சாவி சாக்கெட்டில் மிஷினை வைக்காதீர்கள், சாவி உடைந்தால் வெல்டரைத் தேட வேண்டும். கையால் கழற்றுங்கள்.

ரோட்டவேட்டர் கத்தி மாத்த ஆவுமா? டிராக்டர் பெரிய வீலுக்கு?

கத்திக்கு அருமையாக ஆகும். 42 கத்தி ரோட்டவேட்டர் என்றால், கத்திக்கு இரண்டு போல்ட், மொத்தம் 84. ஸ்பேனரில் முழங்கால் போட்டு இருந்தால் ஒரு பொழுது போய்விடும். பிசான நடவுக்கு முன்னால் வயலுக்கு டிராக்டர் ஓட்டுகிறவர்கள் இந்த ஒரு வேலைக்காகவே வாங்கலாம். சேறு காய்ந்த மறையை முதலில் பிரஷ்ஷால் சுரண்டிவிடுங்கள். போல்ட் தலையை மறுபக்கம் ஸ்பேனரில் பிடித்துக்கொள்ள வேண்டும். டிராக்டரை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்து, ரோட்டவேட்டரைக் கட்டை கொடுத்து நிறுத்திய பிறகுதான் அடியில் கை வைக்க வேண்டும். லிஃப்டை நம்பிக் குனியாதீர்கள்.

பின் வீல் நட்டு வேறு விஷயம். காருக்குச் சொன்னதைப் போல இரண்டு மூன்று மடங்கு இறுக்கம். வீட்டு மிஷினால் முடியாது. அதற்கு நீளக் கம்பியும் இரண்டு ஆளும்தான்.

வேற கம்பெனி பேட்டரி என் மிஷின்ல கச்சிதமா உக்காருது. போட்டு ஓட்டலாமா?

உட்காருவதும் ஒத்துப்போவதும் ஒன்றல்ல. பெயர்பெற்ற கம்பெனிகளின் பேட்டரி அச்சைப் பார்த்துப் பலரும் கூடு செய்கிறார்கள். ஓட்டும்போது பெரும்பாலும் ஓடும். ஆபத்து சார்ஜ் போடும்போது. ஒவ்வொரு செல்லையும் கண்காணித்துச் சார்ஜை நிறுத்தும் சர்க்யூட் அதில் இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. ஒரு செல் நிறைந்து, அடுத்தது காலியாக இருந்தால் நிறைந்தது கொதிக்கும். எந்தப் பேட்டரியையும் ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். மெத்தை, சாக்கு, வைக்கோல் பக்கம் வேண்டவே வேண்டாம்.

கார் டிக்கிலயே போட்டு வச்சிரலாமா? அவசரத்துக்கு ஆவுமே.

மிஷினும் சாக்கெட்டும் இருக்கலாம், பேட்டரி கூடாது. அக்னி நட்சத்திரத்தில் வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் 60 டிகிரியைத் தொடலாம். லித்தியம் செல்லுக்கு 45-க்கு மேல் சார்ஜ் போடவே கூடாது. அந்தச் சூட்டில் சும்மா கிடந்தாலே ஆயுள் குறையும். வீட்டில் குளிர்ந்த மூலையில், பாதிச் சார்ஜில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஏற்றுங்கள். வெளியூர் கிளம்பும் முந்தின நாள் முழுச் சார்ஜ் போட்டு உடன் எடுத்துக்கொண்டால் சரி.

ஆன்லைன்ல எடுக்கட்டா, திருநெல்வேலிக்குப் போயி பாத்து எடுக்கட்டா?

என் விருப்பம் கடைதான். காரை ஓட்டிக்கொண்டு போங்கள். "இந்த வீலில் ஒரு நட்டைக் கழற்றிக் காட்டுங்க" என்று கேளுங்கள். மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். தனிப் பேட்டரி என்ன விலை, இன்றைக்குக் கையிருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பேட்டரி தனியாகக் கிடைக்காத மிஷினின் ஆயுள், கூட வரும் பேட்டரியின் ஆயுள்தான். சர்வீஸ் எந்த ஊரில் என்றும், ஜிஎஸ்டி பில் உண்டா என்றும் கேட்டு வாங்குங்கள். ஆன்லைனில்தான் விலை ஒத்துவருகிறது என்றால், வந்த அன்றே பேட்டரியை எடை போட்டு, உங்கள் கார் நட்டில் சோதித்து, திருப்பி அனுப்பும் நாளுக்குள் முடிவெடுங்கள்.

விலை என்று பார்த்தால், பெயரில்லாத செட் நாலாயிரத்திலிருந்து ஆறாயிரம். நல்ல கம்பெனியின் பேட்டரி மிஷின், பேட்டரி சார்ஜரோடு சேர்த்து பத்தாயிரத்தைத் தாண்டும். ஏற்கெனவே அதே கம்பெனியின் 18 வோல்ட் டிரில்லோ களை வெட்டும் மிஷினோ உங்களிடம் இருந்தால், அதன் பேட்டரி பொருந்தும் வெறும் மிஷினை மட்டும் வாங்குங்கள். உள்ளதில் மலிவான நல்ல வழி இதுதான்.

நான் தெனமும் நாங்குநேரியிலேர்ந்து பாளையங்கோட்டைக்கு ஒத்தையா கார் ஓட்டிட்டுப் போறேன் அண்ணாச்சி. கையில பெலம் கெடையாது. ஸ்டெப்னிக்குச் சொன்ன பதிலு எனக்கும் பொருந்துமா?

இதைக் கேட்டவர் ஒரு டீச்சர். பொருந்தாது, உங்களுக்கு மிஷின் வேண்டும் என்றுதான் சொன்னேன். அங்கே 40 கிலோ அழுத்தம் என்று கணக்குப் போட்டேன். 20 கிலோதான் முடியும் என்றால் சின்ன ஸ்பேனரில் 49 நியூட்டன் மீட்டர்தான் வரும், நீளக் கம்பியிலும் 98 தான். ஏர் கன்னால் முறுக்கிய நட்டு அதற்கு அசையாது. வயதானவர்களுக்கும் முதுகுவலிக்காரர்களுக்கும் இதே பதில். எடை இரண்டு கிலோவுக்குள் இருக்கும் பேட்டரி மிஷினாகப் பாருங்கள். தினமும் ஓட்டுவதால் பேட்டரியைக் கைப்பையோடு உள்ளே எடுத்துப்போவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நான்குவழிச் சாலையில் டயர் போனால் மெதுவாகவாவது உருட்டி ஓரத்துக்கு, முடிந்தால் பெட்ரோல் பங்க்குக்குள் கொண்டுபோய்விடுங்கள். ஹேண்ட்பிரேக், முக்கோணப் பலகை, எதிர் வீலுக்கு ஒரு கல். ஜாக்கி ஏற்றுமுன், வீல் தரையில் இருக்கும்போதே எல்லா நட்டையும் மிஷினால் அரைச் சுற்று இளக்குங்கள். பிறகு ஏற்றுங்கள். முறுக்குவதை முன்பே சொல்லியிருக்கிறேன். கையால் அவ்வளவு அழுத்த முடியாதவர்கள் 50 சென்டிமீட்டர் நீள டார்க் ரெஞ்ச் வாங்கிவிடுங்கள். 20 கிலோ அழுத்தத்தில் 98 வந்துவிடும். கையேட்டு எண் அதற்கு மேல் என்றால் மெதுவாக ஓட்டிப்போய், கண்ணில் படும் முதல் பஞ்சர் கடையில் கையால் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

வாங்கிய வாரமே ஒருமுறை பழகிப் பார்க்க வேண்டும். டீச்சர் என் கடை வாசலில்தான் பழகினார்கள். முதல் நட்டுக்கு இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, சத்தத்துக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். நாலாவது நட்டுக்கு ஒரு கையில் மிஷின், மறு கையில் கழன்ற மூன்று நட்டும்.